சோதனைக் குறிகளை நீக்கியவன்

உங்கள் செருப்பைத் திருப்பி வைத்ததற்குத் தப்பாக நினைக்காதீர்கள், ஐயா. இந்த லம்பா லைன் பகுதியில் என் வீட்டுக்கு வருகிறவர்களின் செருப்பெல்லாம் தெருவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். போகும்போது மாட்டிக்கொள்ள வசதி. என் மனைவி உமா மகேஸ்வரி இதைப் பைத்தியம் என்பாள். நான் ஒழுங்கு என்பேன். டீயைக் குடியுங்கள், இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. கச்சால் தீவு ஆரோக்கிய நிலையத்தின் ஒச்சம்மா சிஸ்டர் விண்ணப்பத்தை அனுப்ப மறந்துவிட்டார், அதனால் முருகையா என்ற பெரியவர் ஹெலிகாப்டரில் இடம் கிடைக்காமல் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாள் மறக்கவில்லை. பிழையான வரி ஒன்று எங்கேயாவது கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

அபர்டீன் பஜாரில் மிட்டாய்க் கடை மாடியில் எங்கள் கம்பெனி. வெளித்தீவுகளில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், போர்ட் பிளேருக்குக் கொண்டுவர ஹெலிகாப்டரில் இடம் கேட்பதற்கான இணையப் பக்கத்தை அங்கேதான் செய்தோம். செய்தோம் என்ன, நான் செய்தேன்.

வீடு கட்டும்போது கொத்தனார் சுவரில் அங்கங்கே சாக்பீஸால் குறி போட்டு வைப்பார், பார்த்திருப்பீர்கள். இணையப் பக்கத்திலும் அப்படி உண்டு. இது பெயர் எழுதும் இடம், இது அனுப்பும் பொத்தான் என்று கண்ணுக்குத் தெரியாத குறிகளை உள்ளே போட்டு வைப்போம். பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைப் புரோகிராம் அந்தக் குறிகளைப் பிடித்துத்தான் வழி கண்டுபிடிக்கும். மக்களுக்கு அவற்றால் ஒரு உபயோகமும் இல்லை. வெள்ளையடித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பதில்லையா, அதுபோல வெளியிடும் பிரதியில் அவற்றைத் துடைத்துவிடுவது நல்ல பழக்கம். மெயின்லேண்டில் இதற்கெல்லாம் சோம்பல்படுவார்கள். அவர்களுக்கென்ன, நெட் ஆறாக ஓடுகிறது. இங்கே சாட்டிலைட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மேகம் போட்டால் ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். தேவையில்லாத ஓர் எழுத்தைக்கூட எதற்குச் சுமக்க வேண்டும்? தொழில் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் செய்தது சரி என்பார்கள்.

எங்கள் சோதனைக்காரன் அன்பழகன், அந்த முருகையாவின் ஒரே பிள்ளை. சிலோன் தேயிலை மலையிலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். சுனாமி அவன் அம்மாவைக் கொண்டுபோனது. அதன் பிறகு தகரக் கொட்டகையில் அப்பனும் பிள்ளையுமாக இருந்து, படித்து மேலே வந்தவன். நல்ல பையன், அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. என் பக்கம் கச்சாலில் முழுதாகத் திறப்பதே இல்லை என்று, லீவில் ஊருக்குப் போனபோது சிஸ்டரின் கம்ப்யூட்டரில் ஒரு குட்டிப் புரோகிராம் போட்டுக் கொடுத்தான். சிஸ்டர் பெயரையும் நோயையும் அடித்தால் போதும். அது என் குறிகளைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் நிரப்பி, பொத்தானைத் தானே அழுத்திவிடும். நெட் விட்டு விட்டு வருகிற ஊர் என்பதால் தோல்வி என்று சொல்லவே அவன் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பொத்தான் அகப்படாவிட்டால் 'போய்க்கொண்டிருக்கிறது, பொறுங்கள்' என்று காட்டிவிட்டு மறுபடி மறுபடி தேடும். தீவுக்காரன் எழுதியது, பொறுமை அதிகம். நான் அதை வரி வரியாகப் படித்திருக்கிறேன்.

அதன் புண்ணியத்தில் ஒரு கர்ப்பிணி நேரத்தோடு போர்ட் பிளேர் வந்து சேர்ந்தாள். தாயும் பிள்ளையும் நலம். எங்கள் முதலாளி சந்திரமோகன் கீழேயிருந்து ஜிலேபி வரவழைத்து அன்பழகன் வாயில் ஊட்டினார்.

"பேஜ் யார் வேணும்னாலும் பண்ணுவான்யா. அதக் கச்சால் வரைக்கும் கொண்டுபோனான் பாரு, இவன்தான் உஸ்தாத்."

நானும் ஒரு ஜிலேபி எடுத்துக்கொண்டேன். வயிறு எரிந்தது, ஐயா. மாதக்கணக்கில் முதுகு ஒடிய உட்கார்ந்து செய்தவன் நான். அந்த 'யார் வேணும்னாலும்' நானாம்.

புதுப் பிரதி வெளியிடும் சமயத்தில் அன்பழகன் வந்து நின்றான்.

"அண்ணே, இந்தத் தடவ குறியெல்லாம் எடுக்கப் போறீங்களாம்ல. தோடா ருக்குங்கண்ணே, கொஞ்சம் பொறுங்க. அப்பாவுக்கு நெஞ்சு வலி அடிக்கடி வருது. அடுத்த ஜஹாஜ்ல போயி சிஸ்டரு புரோகிராம மாத்திக் குடுத்துட்டு வந்துர்றேன். அப்புறமா எடுத்துருங்க."

"டீக் ஹைடா தம்பி, அப்புறமே எடுக்கறேன். நீ போயிட்டு வா," என்றேன்.

கடல் கொந்தளிப்பில் கப்பல் தள்ளிப்போனது. நான் எதற்குத் தள்ளிப்போட வேண்டும்? குறிகளை நீக்கு என்று சொல்ல ஒரே ஒரு வரிதான். அதைச் சேர்த்து வெளியிட்டேன். அன்பழகனின் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. காட்டத்தானே செய்யும், அவை ஓடுவது குறிகள் உள்ள ஆபீஸ் பிரதியில். நான் இன்னும் குறிகளை எடுக்கவில்லை என்று நம்பி அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கச்சாலிலிருந்து யாரோ பக்கத்தைத் திறப்பது என் திரையில் தெரிந்தது. திறந்தார்கள், எதையும் அழுத்தவில்லை. மறுபடி திறந்தார்கள். மறுபடியும். மனிதர்கள் அப்படித் திறக்க மாட்டார்கள், அது அவன் புரோகிராம். அங்கே போன் டவர் செத்திருந்தது, ஆரோக்கிய நிலையத்தின் சாட்டிலைட் மட்டும் உயிரோடு இருந்தது. சிஸ்டர் 'பொறுங்கள்' என்பதைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டிருப்பார். வழக்கம்போல நெட் மந்தம் என்று நினைத்திருப்பார். இங்கே நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.

அந்த வரியை எடுத்துவிட ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். ஆனால் எடுத்தால் அவன்தான் உஸ்தாத் என்று ஆகிவிடும். ஒரு தடவை தோற்கட்டும், சந்திரமோகன் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்றிருந்தது. அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து அன்பழகன் கேட்டான்.

"அண்ணே, அப்பாவுக்குப் போனே போக மாட்டேங்குது. கச்சால்லருந்து நம்ம பேஜுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"கோயி நஹி, யாரும் வரல. எல்லாம் படியா, நல்லா ஓடுது," என்றேன்.

பிறகு இருவரும் சாப்பிடப் போனோம், சூரை மீன் குழம்பு. பக்கத்துத் தீவு வரை வந்த ஹெலிகாப்டர் ஒரு காலி இடத்தோடு திரும்பிவிட்டது. சாயங்காலம் கச்சாலிலிருந்து திறப்பதும் நின்றது.

செய்தி வந்ததும் குறிகளைத் திரும்பப் போட்டுவிட்டேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது, பழி சிஸ்டர் தலையில் விழுந்தது. அன்பழகன் இப்போது வேலைக்கு வருவதில்லை. தன் புரோகிராமில் எங்கே தப்பு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறானாம். அவன் மேசையை நான்தான் துடைத்து அடுக்கி வைத்தேன்.

கொலை என்றெல்லாம் எழுத வேண்டாம், அது பெரிய வார்த்தை. குறிகளை நீக்கினேன், பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்டவனிடம் பொய் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றும் எழுதுங்கள், அதை யாருமே கவனிக்கவில்லை. குறிகளை நீக்கிய பிறகு என் பக்கம் நல்ல வேகம் பிடித்திருந்தது. அன்றைக்கு அவ்வளவு மழையிலும், கச்சாலில், ஒவ்வொரு தடவையும் உடனே திறந்தது.