கையில் சுற்றிய செம்புக் கம்பி

ஹலோ... ஆமா, நான்தான், உங்க பொண்டாட்டி. வேற யாரு இந்த நேரத்துல கடைக்குப் போன் பண்ணி உங்க உசிர வாங்கப் போறா... சரி சரி, பொண்டாட்டி இல்ல, உங்க முதலாளியம்மா. இப்ப திருப்தியா...

இன்னும் அந்த ஆபீஸ்லதான் இருக்கேன். மேஜைக்கு அடியில கிடக்கேன். இவங்க கம்ப்யூட்டரத் திறந்தா உள்ள இருக்கிற தூசிய வச்சு ஒரு குடும்பத்துக்கே தலையணை தைக்கலாம்... ஆமா, ஆமா... மெமரி சிப்பு, அந்த ராம எல்லாம் கழட்டித் துடைச்சு மாட்டணும். வர நேரமாகும், அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மருந்துக்கடை அண்ணன் அவர் கம்ப்யூட்டரக் கேட்டு வந்தார்னா சாயந்திரமா வரச் சொல்லுங்க...

வந்துட்டாரா... உக்காந்தே இருக்காரா... பாவம், பில்லு போட முடியலைன்னா அவரும் என்ன பண்ணுவாரு... ம்... ம்... அங்க என்னங்க சத்தம், உய்யுன்னு... ஃபேனா... எந்த ஃபேன்...

இருங்க. எஸ்எம்பிஎஸ்ஸத் திறந்துட்டீங்களா... யாரு உங்களத் திறக்கச் சொன்னா... இல்ல, கோவப்படல... கோவப்படலன்னு சொல்றேன்ல. கம்ப்யூட்டருக்கே கரண்ட் குடுக்கிற பெட்டிங்க அது. நானே அதத் திறக்க மாட்டேன். போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு மாட்டுவேன். இத்தன நாள் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க...

என்னது... ஃபேன் சுத்துதுன்னா பிளக்கச் சொருகி வச்சிருக்கீங்க. மூடியும் திறந்திருக்கு, கரண்ட்டும் ஓடுது...

ஓடவிட்டாத்தான் கோளாறு தெரியுமா... இது லாரி இல்லீங்க. பானட்டத் தூக்கி வச்சுட்டு, இன்ஜின ஓடவிட்டுக் காதக் குடுத்துக் கேக்கறதுக்கு. நீங்க லாரி ஓட்டினதுல நான் குறை சொல்லல. சத்தத்த வச்சே எந்த போல்ட் லூசுன்னு சொல்லுவீங்க, தெரியும். இது அப்படிச் சத்தம் போட்டுட்டு வராது. சத்தமே இல்லாம ஆளத் தூக்கிரும்...

ஒரு நிமிஷம் சார். கடையில ஒரு அவசரம்... இல்ல சார், உங்க மெஷின் ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்...

நீங்க சொல்லுங்க. கை ரெண்டும் எங்க இருக்கு... எனக்குப் பதில் சொல்லுங்க, கை எங்க இருக்கு... ஒண்ணுல போன் இருக்கா, இன்னொண்ணு... எடுங்க. பெட்டிய விட்டுக் கைய எடுங்க முதல்ல...

பட்டையா... ஆமா, நான்தான் சொன்னேன். போன வாரம் உங்க கை பட்டு ராம் ஒண்ணு செத்துச்சுன்னு, அந்த அண்ணன் முன்னாடியே கத்தினேன். மணிக்கட்டுல பட்டை கட்டாம எதையும் தொடாதீங்கன்னேன். இல்லன்னு சொல்லல. நம்ம உடம்புல இருக்கிற துளியூண்டு கரண்ட் பட்டாலே ராம் போயிரும், அது பட்டை வழியா இறங்கட்டும்னுதான் கட்டறது. அது ராமுக்குங்க. போர்டுக்கு. கரண்ட் ஓடுற சாமானுக்குப் பட்டையே கட்டக் கூடாது. அங்க கட்டினா அதுவே...

என்னங்க.

பட்டை என் கையிலல்ல இருக்கு. இதோ, கட்டியிருக்கேன். நம்ம கடையில இருக்கிறதே இது ஒண்ணுதான். அப்ப உங்க கையில இருக்கிறது என்ன...

நீங்களே செஞ்சீங்களா... பழைய ஒயர உரிச்சா... ம்... செம்புக் கம்பி... கையில சுத்தி, அந்த முனைய எதுல... பெட்டி இரும்புலயே முறுக்கிட்டீங்களா... ம்... அழகாத்தான் வந்திருக்கும், உங்க கை வேலைக்கு என்ன... 

இல்ல, அழல. கேளுங்க. வேலியில போற ஓணானப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு. கடையில விக்கிற பட்டைக்குள்ள கரண்ட்டத் தடுக்க ஒரு சின்ன சாமான் வச்சிருப்பான். உங்க கம்பியில அது கிடையாது. உள்ள எங்கயாவது விரல் பட்டுச்சுன்னா, கரண்ட் உங்க உடம்புல ஏறி நேரா அந்தக் கம்பி வழியா இறங்கும். அதுக்கு நீங்களே ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க. லாரிக்காரர்தான, ரோடுன்னா புரியும்ல...

சிரிக்காதீங்க. நான் சிரிக்கச் சொல்லல...

இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. பெட்டியத் தொடாம, சுவத்துல இருக்கிற சுவிட்ச அணைங்க... கம்பி எட்டலையா... ஒத்தக் கையால கழட்டவும் வரலையா... அப்ப அண்ணனை அணைக்கச் சொல்லுங்க. நீங்க அசையாதீங்க... அவர் கிட்டச் சொல்ல என்னங்க வெக்கம். அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு... நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டுமே...

ஸ்க்ரூடிரைவரா... உள்ளயே கிடந்தாக் கிடக்கட்டும்... வேண்டாம்... அத எடுக்காதீங்க, ஒரு ஸ்க்ரூடிரைவர் போனா என்ன குடியா முழுகிரும்... வேண்டாம்னு சொல்றேன்ல, என்னங்க, கைய விடாதீங்க உள்ள—

ஹலோ...

என்னங்க... என்ன சத்தம் அது... ஹலோ...

பேசுங்க. ஏங்க... ஒரு ம் சொல்லுங்க, போதும்...

ஹலோ, ஹலோ... யாரு... அண்ணே, நான்தாண்ணே. அவர் எங்க... விழுந்துட்டாரா... தொடாதீங்கண்ணே. கையப் பிடிக்காதீங்க, நீங்களும் சேர்ந்து விழுவீங்க. உதறினாலும் தொடாதீங்க. கதவுக்குப் பின்னாடி மெயின் சுவிட்ச் இருக்கு. சாம்பல் கலர்ப் பெட்டி. பெரிய பிடி இருக்கும், அதக் கீழ இழுங்க. போங்க. போன அப்படியே தொங்க விட்டுட்டுப் போங்க...

கீழ இழுங்கண்ணே... கேக்குதா... கீழ...

சார், தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்க வீட்டுக்காரர்... ஆமா...

அண்ணே. அணைச்சாச்சா... லைட்டு போச்சா... நல்லாப் பாத்துச் சொல்லுங்க... சரி. இன்னும் பெட்டிக்கிட்ட போகாதீங்க. கரண்ட்ட நிறுத்தினாலும் அது வயித்துக்குள்ள கொஞ்சம் வச்சிருக்கும். மூலையில துடைப்பம் இருக்கு, மரக்கட்டை போட்டது. அந்தக் கட்டையால பெட்டிய அந்தப் பக்கம் தள்ளுங்க... கம்பி கழண்டுக்கிச்சா... வந்துருச்சா... ம்... இப்ப அவரத் தொடலாம். மூக்குக்கிட்ட கைய வைங்க...

அண்ணே...

அண்ணே, என்னன்னு வாயத் திறந்து சொல்லுங்க...

வருதா. மூச்சு வருதா... ஏறி இறங்குதா நெஞ்சு... ம்... ம்... கண்ணத் திறக்கிறாரா... என்ன சொல்றாரு... தண்ணி கேட்டாலும் இப்ப குடுக்காதீங்க. காதுல வைங்கண்ணே போன. அவர் காதுல வைங்க...

என்னங்க...

ம்... ம்... நான்தான்... எனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு என்ன வந்துச்சு... கை எப்படி இருக்கு... சுத்தியும் கருத்திருக்கா, வளையல் போட்ட மாதிரி... எரியுதா... தொடாதீங்க, அப்படியே விடுங்க... வேற எங்க வலிக்குது... முதுகா... அது விழுந்ததுல இருக்கும்...

அண்ணன் மெஷினப் பத்திப் பேசினீங்கன்னா அங்க வந்து மிச்ச அடிய நான் குடுப்பேன்...

ம்... சொல்லுங்க... மெதுவா...

தெரியும்ங்க. நான் சொன்னேன்னுதான் கட்டினீங்க. ஒரு வார்த்த மீறல நீங்க. கட்டாம தொடாதீங்கன்னு கத்தத் தெரிஞ்ச எனக்கு, எதைத் தொடும்போது கட்டக் கூடாதுன்னு சொல்லத் தோணல. அந்த அண்ணன் முன்னாடி உங்களச் சின்னப்படுத்துறதுக்கு இருந்த அவசரம் இதுக்கு இல்லாமப் போச்சு... இல்ல, நான் பேசறேன். விடுங்க, நான் பேசிக்கிறேன்...

ஆஸ்பத்திரிக்குப் போறீங்க... ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லக் கூடாது, டாக்டர் சொல்லணும். கரண்ட் நெஞ்சு வழியாப் போயிருக்கும். இப்ப நல்லா இருக்கிற மாதிரித்தான் இருக்கும், துடிப்பு அப்புறமாக்கூடத் தடுமாறும். நெஞ்சுல மெஷின் வச்சுப் பாப்பாங்க, ராத்திரி தங்கச் சொன்னாத் தங்குங்க... எனக்காகன்னு வச்சுக்குங்க. சரியா... அண்ணன்கிட்ட வண்டி இருக்கா... வாசல்லயே நிக்குதா... நல்லது. நான் இங்கருந்து நேரா அங்க வந்துடறேன்...

இந்த மெஷின் கிடக்குது விடுங்க. சார் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு, புரிஞ்சுப்பாரு...

கிளம்புங்க... ம்... இல்ல, இருங்க, ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க... எதையாவது பேசுங்க. திட்டுங்க. போன வாரம் நான் கத்தினதுக்கு இன்னும் நீங்க ஒண்ணும் சொல்லல, இப்பத் திட்டுங்களேன்...

ம்...

ம்... இன்னும்...

இவ்வளவுதான் திட்டத் தெரியுமா. ரோட்டுல குறுக்க வந்தவனையெல்லாம் எப்படித் திட்டுவீங்க...

அண்ணன் கூப்பிடறாரா... ஆமா, இந்தப் போன் வயரு வாசல் வரைக்கும்கூட வராது... நீங்க வைங்க... நான் வச்சாத்தான் எழுந்திருப்பீங்களா. இதுல என்ன வீம்பு... சரி. அண்ணன் தோளப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருங்க, தனியா நடக்காதீங்க...

ம். வச்சுட்டேன்...

இல்ல, இன்னும் வைக்கல. நீங்க மூச்சு விடறது கேக்குது...

சரிங்க. இப்ப வச்சுட்டேன்.