டேப்பில் வந்த மூன்று கோடுகள்

காந்திபுரத்தில் கிளம்பிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். தோல்பையை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்:

"திருநீறா இருந்தாலும் டேப்புல ஒட்டுனாத் தூசிதானுங்க."

பக்கத்திலிருந்த நண்பர் திரும்பினார். "ஏனுங்க, என்னாச்சு?"

"பெரிய இரும்பு டேங்குங்க. உள்ளுக்குள்ள மணலைப் பீச்சியடிச்சுத் துருவெடுத்தாச்சு. தூசி இருந்தாப் பெயிண்ட் உரிஞ்சுபோகுமுங்க. அதனால டேப்பை ஒட்டி உரிச்சு நான் பாக்கோணும். எல்லா எடமும் சுத்தம். வாசல்கிட்ட ஒட்டுன டேப்புல மட்டும் வெள்ளையா மூணு கோடு."

"யாரு பூசுனது?"

"பெயிண்டரோட சம்சாரமுங்க. அங்கயே கூட்டற வேலை. முந்தின டேங்குல பெயிண்ட் வாடையில அவரு மயங்கி உழுந்துட்டாராமா. அந்தப் பயத்துல பூசிப்போட்டாங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"தொடைக்கச் சொன்னேன். மறுக்கா ஒட்டிப் பாத்தேன், சுத்தம். அந்தம்மா கேட்டாங்க, 'அவரு நெத்தியில பூசுனா அதுலயும் டேப்பு ஒட்டிப் பாப்பீங்களா'ன்னு."

நண்பர் சிரிக்கவில்லை. "என்ன சொன்னீங்க?"

"நல்லாப் பூசியுடுங்கன்னு சொன்னனுங்க."

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது. அவர் பையைச் சரிசெய்துகொண்டார்.

"உள்ள வரப்போற பெயிண்ட் வாடையை இழுக்கறதுக்கு ஒரே ஒரு ஃபேனுதான் வெச்சிருந்தாங்க. அதைப் பாக்கறது என்ற வேலையில்லீங்க. ஆனாலும் இன்னொரு ஃபேன் வந்து ஓடற வரைக்கும் பெயிண்ட் ஆரம்பிக்கலாம்னு நான் டெஸ்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடலீங்க."