சவுக்குக் கட்டையைத் திருப்பி அனுப்பிய தாய்

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களே, இன்றைய வேலையை விட்டுவிட்டு ஒலக்கூர்ப் பக்கமிருந்து திண்டிவனம் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

முதலில் ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். இருதயமேரி அம்மாவுக்கா மௌனம்? பதினோரு ஆண்டுகள் காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் வாய் மூடாத மனுஷிக்கா மௌனம்?

தொண்ணூற்றாறில் அவர் மகன் புகழேந்தி பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு மனு போட்டான். வாபஸ் வாங்கச் சொன்னார் ஊர்ப் பண்ணைக்காரர். அவன் வாங்கவில்லை. அந்த வாரமே பண்ணைக் கிணற்றில் பிணமாக மிதந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதிவிட்டது போலீஸ். குடியே தெரியாத பிள்ளை, தோழர்களே!

பிரேதப் பரிசோதனையை அவசரமாக முடித்து உடலைக் கொடுத்தார்கள். உடல் வீட்டுக்கு வந்த கையோடு பண்ணையிலிருந்து டிராக்டர் நிறையச் சவுக்குக் கட்டை வந்தது. "எல்லாம் எங்க பொறுப்பு, நல்லபடியா எரிச்சிடலாம்" என்றான் கூட வந்த ஆள். அடுப்புக்கு ஒரு சுள்ளி பொறுக்கப் போனாலும் நம்மை விரட்டியடித்த தோப்பின் கட்டை அது!

அம்மா மகனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார். "நாங்க பொதைக்கிற ஜனம். இத்தினி வருசமா ஒரே ஊர்ல இருந்துக்கினு இதுகூடத் தெரியாதா? எதுக்கு இவ்ளோ ஜல்தி? வண்டியத் திருப்பு" என்றார். அந்தத் திடீர்க் கருணையில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார். புதைத்ததால்தான் தோண்ட முடிந்தது! மனு மேல் மனு போட்டு, மறு பரிசோதனைக்கு உத்தரவு வாங்கினார். தோண்டிய அன்று, நீங்கள் பார்க்க வேண்டாம் என்று தாசில்தார் தடுத்தார். "பெத்தப்ப பாத்தேன். இப்பவும் பாக்குறேன்" என்று குழியோரமே நின்றார். என்னால் முடியவில்லை. மதிலுக்குப் பின்னால் போய் அழுதேன். பின்மண்டை அடித்து நொறுக்கப்பட்டிருந்தது அன்றைக்குத்தான் வெளிவந்தது.

அதன் பிறகும் எத்தனை வாய்தா! எத்தனை மிரட்டல்! கூண்டில் ஏறி, பண்ணைக்காரர் முகத்துக்கு நேராகவே அம்மா சாட்சி சொன்னார். ஆனால் கொலையை நேரில் பார்த்தவர் ஒருவர்தான். பண்ணையில் மோட்டார் போடும் மாசிலாமணி அண்ணன். மறு பரிசோதனைக்குப் பிறகு போலீஸிடம் சொன்னார்; கோர்ட்டுக்கு வரவில்லை. நாங்கள் கோபப்பட்டோம். அம்மா எங்களைத்தான் அதட்டினார்: "அவரத் திட்டாதீங்க. அவுங்க நெலத்துலதான் குடிசை போட்டுக்கினு கீறாரு. பயம் தெளிஞ்சா வருவாரு."

போன வாரம் காய்ச்சல் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. "கெழவி போயிட்டா, கேஸும் போச்சு" என்று பண்ணையில் வெடி வெடித்தார்கள். திங்கட்கிழமை விழுப்புரம் கோர்ட்டில் மாசிலாமணியைக் கூப்பிடுவார்கள். அவர் வராவிட்டால் வழக்கு முடிந்தது. அதை நம்பித்தான் அந்த வெடி!

யாரது எழுந்திருப்பது? மாசிலாமணி அண்ணனா? வழி விடுங்கள். சொல்லுங்கள் அண்ணே.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். அண்ணன் சொல்கிறார்: "நான் வர்றேன். கூண்டுல ஏறி பேரச் சொல்றேன்."

பயம் இன்னும் தெளியவில்லையா அண்ணே? பரவாயில்லை, பயத்தோடே வாருங்கள். திங்கட்கிழமை விழுப்புரம் பஸ்ஸில் உங்களுக்கு இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருப்போம்!