சொல்லாமல் விட்ட டப்

ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், டாக்டர். வெந்நீர் பட்டால் துணியில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். நாய்களோடு இருக்கிற வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்று வாளித் தண்ணீர் மாற்றியும் என் சட்டைக் கையில் பாப்பாவின் ரத்தம் அப்படியே இருக்கிறது. வாளியை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி மணி இரண்டேகால். காலை ஒன்பது மணிக்கு நீங்கள் நாயை முடித்துவிடுகிற ஊசியோடு வருவீர்கள். சாயங்காலம் எங்கள் வாசலில் நின்றுகொண்டு அப்பாவிடம் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஒண்ணும் பண்ணாத குழந்தையைக் குதறின நாயை வெச்சிருங்கன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதுங்க. ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க, யோசிக்கலாம்."

"என் கையில பழகின நாய், டாக்டர். எனக்கே புரியல" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானே கண்ணு அதுகூடவே இருந்த? எதாவது பாத்தியா?"

நான் "தெரியலப்பா" என்றேன்.

காரணம் இருக்கிறது, டாக்டர். பொறுமையாகச் சொல்கிறேன்.

அப்பா மற்றவர்களின் நாய்களை நாற்பது நாள் வைத்திருந்து பழக்கிக் கொடுப்பவர். நான் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குக் கைவேலை செய்வேன். க்ளிக்கர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ப்ளாஸ்டிக் டப்பா, அமுக்கினால் டிக் என்கும். நாய் சரியாகச் செய்கிற அந்த நொடியில் அமுக்க வேண்டும். 'இதைத்தான் கேட்டேன், இந்தா தீனி' என்று அர்த்தம். கை தவறி அமுக்கிவிட்டாலும் தீனி கொடுத்தே ஆக வேண்டும். அதில் அப்பா ரொம்பக் கண்டிப்பு. "வாக்குக் குடுத்துட்டு ஏமாத்துறதுக்கு, நாய் என்ன நமக்கு ஓட்டா போட்டுச்சு?" என்பார். கையில் டப்பா இல்லாதபோது வாயால் ஒரு சொல் சொல்லலாம். அப்பாவின் சொல் 'யெஸ்'.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு படி நன்றாக வந்துவிட்டால் அதற்கு க்ளிக் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். சத்தம் வரவில்லையே என்று நாய் நம் முகத்தைப் பார்க்கும். 'போதலையோ' என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்து காட்டும். அந்தக் கூடுதலுக்குத்தான் க்ளிக். அப்படித்தான் படிப்படியாக ஏற்றுவோம். நாங்கள் சும்மா இருப்பதும் நாய்க்கு ஒரு கட்டளைதான்.

கரடி ஒரு வக்கீலம்மாவின் நாய். முடி புசுபுசுவென்று இருந்ததால் கரடி. அவருடைய நாலு வயதுப் பாப்பாவை ஆசையில் தள்ளிவிடுகிறது, அதைத் திருத்திக் கொடுங்கள் என்றுதான் விட்டுப்போனார். ஒரு வாரத்திலேயே அது என்னுடையதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னோடு பேச ஆள் கிடையாது. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான். கரடி நாலரை மணிக்கு வாசல் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். நான் பையைக் கழற்றும்வரை விடாது. எத்தனையோ நாய்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அப்பா, "பழக்குறதுதான் நம்ம வேலை, பழகிக்கிறது இல்ல" என்று என் தலையில் தட்டுவார். இந்தத் தடவை என்னால் முடியவில்லை.

பாப்பா தினமும் போனில் குரல் அனுப்புவாள். "கரடீ, சாப்பிட்டியா?" அவ்வளவுதான். நாய் அந்தக் குரலை மறந்துவிடக் கூடாது என்று, அதைப் போட்டுக் காட்டும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்திருந்தார். முதல் வாரம் அந்தக் குரலைக் கேட்டு அது வாலை ஆட்டி ஆட்டிச் சுவரில் அடித்துக்கொண்டது.

கரடிக்கு முடி உலர்த்தும் மிஷினைக் கண்டால் ஆகாது, உறுமும். குளிப்பாட்டும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினைப் போட்டேன், கூடவே பாப்பாவின் குரலையும். அது உறுமியதும் மெல்ல 'டப்' என்றேன். ஒரு கோழித்துண்டு கொடுத்தேன். டப்பாவை அமுக்கினால் அப்பாவுக்குக் கேட்டுவிடும் இல்லையா, அதனால் என் சொல் 'டப்'. ஐந்தாம் நாள் மிஷின் தேவைப்படவில்லை. குரல் மட்டும் போதும். அப்புறம் உறுமலுக்கு டப் சொல்வதை நிறுத்தினேன். கரடி என் முகத்தைப் பார்த்தது, உதட்டைத் தூக்கியது. டப். பல் தெரிந்தது. டப். அது கெட்டிக்கார நாய், டாக்டர். பதினோரு நாளில் கற்றுக்கொண்டுவிட்டது.

பாப்பாவின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. வக்கீலம்மா ஒரு தடவை பயந்தால் போதும். 'இது வேண்டாங்க, நீங்களே வெச்சுக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். யாருக்கும் அடிபடாமல் கரடி எனக்குக் கிடைத்திருக்கும். கடிக்க நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

நேற்று மதியம் வந்தார்கள். வாரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் அப்பா. பாப்பா காரிலிருந்து குதித்து ஓடி வந்தாள். "கரடீ, சாப்பிட்டியா?"

கரடி உறுமியது. என்னைப் பார்த்தது.

அப்போதே டப் சொல்லியிருந்தால் தீனிக்காகத் திரும்பி என்னிடம் வந்திருக்கும். ஆனால் அப்பாவுக்குக் கேட்டிருக்குமே. நான் வாயைத் திறக்கவில்லை.

வக்கீலம்மா சிரித்தார். "அய்யே, பேச்சப் பாரு! கோவிச்சுக்கிட்டாரு துரை. விட்டுட்டுப் போய்ட்டோம்ல?"

"பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு சாமி" என்று அப்பா முன்னால் வந்தார்.

கரடி பல்லைக் காட்டியது. மறுபடி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். 'போதலையா' என்று கேட்கிற பார்வை. நான் சும்மா இருந்தேன். பாப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். கரடி அடுத்த படிக்குப் போனது.

அப்போதுதான் 'டப்' என்றேன். அப்பாவுக்குக் கேட்கவில்லை, வக்கீலம்மா அப்படி அலறினார். பாப்பாவின் கன்னத்தைச் சட்டென்று விட்டுவிட்டு வந்து என் எதிரே கரடி நிமிர்ந்து உட்கார்ந்தது, பழக்கியபடியே. விடுவதற்காகத்தான் சொன்னேன். விட்டதா இல்லையா? அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் காருக்கு ஓடினார்கள். என் பையில் கோழித்துண்டு இருந்தது. கொடுத்தேன், அதன் வாயிலிருந்த ரத்தம் என் சட்டைக் கையில் பட்டது. வாக்கு வாக்குதானே.

கண்ணுக்குக் கீழே ஒன்பது தையல் என்று அப்பா சொன்னார். அவர் சாப்பிடவில்லை. "எங்கயோ நான்தான் தப்பு பண்ணிட்டேன் கண்ணு, எதுன்னுதான் தெரியல" என்று பத்துத் தடவையாவது சொல்லிவிட்டார். இப்போது அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு தன் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பது கதவிடுக்கில் தெரிகிறது.

இதை இப்போதே அனுப்பினால் கரடி பிழைத்துவிடும். காரணம் இருந்தால் யோசிக்கலாம் என்று நீங்களே சொன்னீர்கள். ஆனால் அதற்கப்புறம் அப்பா என்னை எப்படிப் பார்ப்பார்? மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. ஒன்பதரைக்கு அனுப்புகிறேன், டாக்டர், எல்லாம் முடிந்த பிறகு. அப்புறம் அப்பாவிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். உண்மையைச் சொன்ன மாதிரியும் இருக்கும்.

ஒன்றுதான் தெரியவில்லை. காலையில் அதைப் பிடித்துக்கொள்ள நான்தான் வர வேண்டுமாம். வேறு யாருக்கும் அடங்காது என்று அப்பா சொல்கிறார். ஊசி ஏறும்போது அது உங்களைப் பார்க்காது, என் முகத்தைத்தான் பார்க்கும். நான் டப் சொன்னால் ஏதோ நன்றாகச் செய்துவிட்டதாக நினைத்துத் தீனிக்குக் காத்திருக்கும். சும்மா இருந்தால் இன்னும் என்ன செய்து காட்டுவது என்று தேடும். நான் என்ன செய்யட்டும்?