கொடியிலிருந்து எடுத்த சிவப்பு லெசோ

என் பெயர் ரிசிகி அதுமானி. வயது நாற்பத்தொன்பது. கணவர் ஹசானி உயிருடன் இல்லை. காலையில் மஹம்ரிப் பணியாரம் சுட்டு விற்கிறேன். முகவரி: மொம்பாசா பழைய நகரம், வலைக்காரர் சந்து, பச்சைக் கதவு வீடு. என்னை யாரும் அழைத்து வரவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை இந்தப் போலீஸ் நிலைய வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறேன்.

எங்கள் சந்தில் போதைத் தூள் பழக்கத்தில் விழுந்த பிள்ளைகளின் தாய்மார் ஒன்பது பேர் இருக்கிறோம். தூள் அளவு மீறி ஒருவனுக்கு மூச்சு நின்றால் அதை மீட்கும் நாலாக்சோன் மருந்தை மருத்துவ முகாமில் எங்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே வீட்டில் வைத்தால் அந்த வீட்டுக்குப் பெயர் கெட்டுவிடும் என்பதால் அது வாரம் ஒரு வீடாகக் கைமாறும். யார் வீட்டில் இருக்கிறது என்று வாயால் சொல்லக்கூடாது. அந்த வீட்டு மாடிக் கொடியில், நாங்கள் மேலே சுற்றிக்கொள்ளும் லெசோத் துணி ஒன்று சிவப்பில் தொங்கும். மற்ற எட்டுப் பேரும் அந்த வாரம் சிவப்புத் துணி எதையும் காயப்போட மாட்டோம். ஒருவன் விழுந்தால் கூட இருப்பவன் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடி வருவான். போன நோன்பு மாதத்தில் என் மகன் ஒமாரி விழுந்தபோது அப்படி ஓடி வந்தது, இப்போது நீங்கள் உள்ளே வைத்திருக்கும் கோம்போதான். ஒமாரி இன்று பிழைத்துப் படகுத்துறையில் வேலை செய்கிறான்.

சென்ற வியாழக்கிழமை மருந்து என் வீட்டில் இருந்தது. அன்று மாலைத் தொழுகைக்குப் பின் என் மகள் ஹிதாயாவைப் பெண் கேட்டு வருவதாக இருந்தார்கள். அவர்கள் இருக்கும்போது அதைப் பார்த்து யாராவது மருந்து கேட்டு வந்துவிடுவார்களோ என்று பயந்து, தொழுகைக்குச் சற்று முன் லெசோவை எடுத்து மெத்தைக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

அதன் பின்பு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பின்பு நான் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே யாரோ ஓடும் சத்தமும் கதவுகளைத் தட்டும் சத்தமும் கேட்டது. ஓட்டம் சந்தின் கோடிவரை போய்த் திரும்பியது, மறுபடி போனது, மறுபடி திரும்பியது. அதன் பின்பு என் வாசலுக்கு நேராகக் கோம்போவின் குரல் கேட்டது.

"அம்மா, செவப்பு எங்கம்மா? எந்த வீட்டுல இருக்கு? ஃபகி நீலம் பாஞ்சு கெடக்கான்மா!"

மாப்பிள்ளையின் தாய் ஸுஹுரா, "யாரது இப்பிடிக் கத்துறது?" என்று கேட்டார்.

நான், "பைத்தியம், சம்பந்தி. தெனமும் இதே கூத்துதான்" என்றேன்.

"எங்க தெருவுலயும் ஒண்ணு இருக்கு. காது போகுது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் இன்னொரு மஹம்ரி கேட்டார். எடுத்து வைத்தேன். நிலைப்படியில் நின்ற ஹிதாயா என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அதன் பின்பு காப்பிக் கடை பெஞ்சில் இருந்தவர்கள், "திருடன், பிடி!" என்று கத்தினார்கள். அடி விழும் சத்தம் கேட்டது. கோம்போ வலி தாங்காமல் கத்தும்போதும் செவப்பு, செவப்பு என்றுதான் கத்தினான்.

நான் இரண்டாம் முறை காப்பி ஊற்றும்வரை உட்கார்ந்திருந்தேன். இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பின்பு உட்கார முடியாமல் மருந்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன்.

ஃபகி அவன் வீட்டுக் கொல்லையில் கிடந்தான். வயது இருபத்தேழு. எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தியான அவன் தாய் சவுமு அவன் தலையை மடியில் வைத்து வாயில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் விஷத்தை முறிக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மூச்சில்லாதவன் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று முகாமில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து கைக்கு எட்டாத தாய் வேறு என்ன செய்வாள்? என்னிடம் இருந்த இரண்டு குப்பி மருந்தையும் செலுத்தினேன். அவன் எழவில்லை. மோவாயில் வழிந்திருந்த பாலை நான்தான் துடைத்தேன்.

கோம்போ ஃபகிக்கு ஊசி போட்டுக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தப்பிப்பவன் ஒரே சந்தில் திரும்பத் திரும்ப ஓட மாட்டான். அவன் என் வீட்டைத் தேடித்தான் ஓடினான். இதைச் சொன்னால் ஹிதாயாவின் சம்பந்தம் முறியும் என்று எனக்குத் தெரியும். "நீ போய்ச் சொல்லும்மா. சொல்லலன்னா நான் போறேன்" என்று இன்று காலை அவளே சொன்னாள்.

லெசோவைச் சாட்சிப் பொருளாக ஒப்படைக்கும்படி அதிகாரி கேட்டார். மறுத்துவிட்டேன். நேற்று சவுமு என் வாசலுக்கு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்து நின்றேன். அவள் கையை நீட்டி, "முகாம்ல புது மருந்து வாங்கிட்டேன். துணியக் குடு. இனிமே அது என் வீட்டுலயே தொங்கட்டும்" என்றாள். இங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போய், அதை அவள் கொடியில் நானே கட்டிவிட வேண்டும்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். எதையும் கூட்டவில்லை, காப்பி ஊற்றியதையும் விடவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ரிசிகி அதுமானி