மூணு வெள்ளி மீன் குழம்பு

ரக்ஷனா: ...அதனால, யூடியூப்ல வந்த இந்த இருநூத்திப் பதினாலு வெள்ளிக் காசையும் திருப்பிச் சேனல்லயே போட்டுருவோம். என்ன சொல்றீங்க அண்ணி?

மோகனப்பிரியா: முதல்ல தேத்தண்ணியைக் குடி. ஆறிப்போவுது.

ரக்ஷனா: பேச்சை மாத்தாதீங்க லா. ஒரு ஸ்டாண்டு, சட்டையில மாட்டுற மைக்கு ஒண்ணு. ரெண்டையும் இங்க தேக்கா கடைத்தெருவுலயே வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம்.

மோகனப்பிரியா: ஸ்டாண்டு எதுக்குடி? நான் கிண்டுறேன், நீ போனைப் பிடிக்கிற. ஆறு மாசமா அப்படித்தானே ஓடுது?

ரக்ஷனா: என் கை ஆடுது.

மோகனப்பிரியா: உன் கை ஆடி நான் பாத்ததே இல்ல.

ரக்ஷனா: ஆடுது அண்ணி. விடுங்க.

மோகனப்பிரியா: சரி, அந்த ஜூரோங் ஆபீஸ் என்னாச்சு? வேலைக்கு வர்றியா இல்லையான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்னாங்கல்ல? இப்பவே நாலே கால்.

ரக்ஷனா: சொல்லிக்கலாம்.

மோகனப்பிரியா: என்னன்னு?

ரக்ஷனா: மைக்கு கறுப்புல வாங்கலாமா, வெள்ளையா?

மோகனப்பிரியா: ரக்ஷு! பழைய கம்பெனியில ஆள் குறைச்சு ஏழு மாசம் ஆச்சு. இப்பதான் ஒரு வேலை அமைஞ்சு வந்திருக்கு. இந்தச் சேனலை நம்பி அதை விட்டுராதடி. உங்கண்ணன்கூட நேத்து...

ரக்ஷனா: அண்ணன் எதுக்குத்தான் பயப்படல? லிஃப்ட் நின்னுருமோன்னு பயந்து ஒன்பதாவது மாடிக்கு நடந்தே வர்ற ஆளு அது. இங்க பாருங்க, மீன் குழம்பு வீடியோவை மட்டும் நாப்பத்தோராயிரம் பேர் பாத்திருக்காங்க!

மோகனப்பிரியா: அது குழம்புக்கு வந்த கூட்டமா? கமெண்ட்டுச் சண்டையைப் பாக்க வந்த கூட்டம்.

ஒலி முகம்மது: என்ன தங்கச்சி, என் கடையிலயே உக்காந்துக்கிட்டு என் தேயை ஆற விடுறீங்க?

ரக்ஷனா: வாங்க ஒலி முகம்மது பாய். எங்க சேனல் நல்லா ஓடுதா இல்லையா, நீங்களே அண்ணிகிட்ட சொல்லுங்க.

ஒலி முகம்மது: ஓடுதாவா! என் கடையில அதுதான் பேச்சு. மூணு வெள்ளிக்கு குனிங் மீன் வாங்கி, 'மூணு வெள்ளி மீன் குழம்பு'ன்னு பேரு வச்சீங்க. வெள்ளின்னா இங்க காசுன்னு தெரியாம, ஊர்ல இருக்கிறவங்க வெள்ளிக்கிழமைன்னு நினைச்சுட்டாங்களே!

மோகனப்பிரியா: ஐயோ, அதை ஏன் பாய் கேக்கிறீங்க...

ஒலி முகம்மது: அதுவும் அந்தக் காரைக்குடி காமாட்சி இருக்கே! 'மூணு வெள்ளிக்கிழமையும் மீன் ஆக்குற வீடு விளங்குமா'ன்னு கமெண்ட்டுல ஆரம்பிச்சது, நிறுத்தலையே. சரசுன்னு ஒரு பொண்ணு, 'வெள்ளின்னா டாலரும்மா'ன்னு பொறுமையா சொல்லுது. அதுக்குக் காமாட்சி என்ன சொல்லுச்சு தெரியும்ல?

ரக்ஷனா: 'டாலர்னா எங்க ஊர்ல சங்கிலியில தொங்குறது. அதைப் போட்டா குழம்பு வச்சீங்க?'

ஒலி முகம்மது: அதேதான்! சிரிச்சதுல அடுப்புல பால் பொங்கிருச்சு. சரசு லேசுப்பட்டதா? 'கண்ணாடியை மாட்டிக்கிட்டு வீடியோவைப் பாருங்க பாட்டி'ன்னு போட்டுச்சு பாருங்க... ஆங், கூப்பிடுறாங்க. வரேம்மா.

ரக்ஷனா: கேட்டீங்களா? காமாட்சி இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலையே இல்ல அண்ணி.

மோகனப்பிரியா: பாட்டியாம் பாட்டி.

ரக்ஷனா: உங்களுக்கு ஏன் கோவம் வருது?

மோகனப்பிரியா: ஒண்ணுமில்ல.

ரக்ஷனா: அப்ப கிளம்புவோமா? கடை எந்தப் பக்கம்...

மோகனப்பிரியா: உக்காரு. ரக்ஷு, நான் ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது.

ரக்ஷனா: சொல்லுங்க.

மோகனப்பிரியா: இந்தச் சேனலை நம்பி நீ வேலையை விட்டா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். ஏன்னா... காமாட்சி...

ரக்ஷனா: காமாட்சிக்கு என்ன?

மோகனப்பிரியா: காமாட்சி நான்தான்.

ரக்ஷனா: நீங்களா? நம்ம வீடியோவுல நீங்களே வந்து உங்களையே திட்டினீங்களா?

மோகனப்பிரியா: வேற என்ன பண்ணச் சொல்ற? வேலை போனதுலேருந்து ரூம் கதவைச் சாத்திக்கிட்டு கிடந்த. வீடியோ எடுக்கிறப்ப மட்டும்தான் வெளிய வந்த. போட்டா பதினோரு பேர் பாக்கிறாங்க, உன் முகம் செத்துப்போவுது. எனக்குத் தாங்கல. அப்பதான் வீடியோ பேரைப் பாத்துட்டு காரைக்குடியிலேருந்து அம்மா போன் பண்ணி, 'வெள்ளிக்கிழமையா மீன் ஆக்கின'ன்னு நிஜமாவே திட்டினாங்க. அதையே ஒரு பேரு வச்சு எழுதிப் போட்டேன்.

ரக்ஷனா: அடப்பாவி அண்ணி! அப்ப என்னை 'வெவரங்கெட்ட கழுதை'ன்னு திட்டினது நீங்கதானா?

மோகனப்பிரியா: உன்னை எப்ப திட்டினேன்? அந்தச் சரசுவைத்தான்...

ரக்ஷனா: தே நல்லா இருக்குல்ல?

மோகனப்பிரியா: ஏய், சரசு நீயா? முப்பத்தி நாலு வயசுல என்னைப் பாட்டின்னது நீயாடி?

ரக்ஷனா: யாரோ ஒரு கிழவி எங்கண்ணி சமையலைப் பழிச்சா நான் சும்மா இருப்பேனா லா? நீங்க அதைப் படிச்சு அழுதுருவீங்களோன்னு பயந்து ராத்திரியெல்லாம் பதில் எழுதிக்கிட்டு கிடந்தேன்.

மோகனப்பிரியா: அடக் கடவுளே! ஒரே வீட்டுல, ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்...

ரக்ஷனா: நடுவுல அண்ணன், 'சாப்பாடு ஆச்சா, சாப்பாடு ஆச்சா'ன்னுக்கிட்டு!

மோகனப்பிரியா: சிரிக்க வைக்காத, எல்லாரும் பாக்கிறாங்க. அப்பாடா... ரெண்டு மாசமா நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருந்துச்சுடி. ஆனா பாரு, நம்ம ரெண்டு பேரும் வாயை மூடினா சேனலும் மூடிரும். அதுல போயி காசைப் போடணுமா?

ரக்ஷனா: அதான் இல்ல. போன வாரம் ரசம் வச்சீங்கல்ல? அதுல காமாட்சியும் வரல, சரசுவும் வரல.

மோகனப்பிரியா: ஆமா, எனக்கு அன்னைக்குத் தலைவலி. எத்தனை பேர் பாத்தாங்க?

ரக்ஷனா: மூவாயிரத்தி இருநூறு.

மோகனப்பிரியா: சண்டையே இல்லாமயா?

ரக்ஷனா: சண்டையே இல்லாம. 'அக்கா பேசுறதைக் கேட்டா வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு'ன்னு ஒரு நர்ஸ் எழுதியிருக்காங்க. இது சத்தியமா நான் இல்ல.

மோகனப்பிரியா: நானும் இல்லடி... எனக்குக் கண்ணே கலங்குது. சொன்னா சிரிக்காத, அந்தப் போனைப் பாத்துப் பேசுறப்பதான் இந்த ஊர்ல எனக்கும் ஒரு இடம் இருக்குன்னு தோணும்.

ரக்ஷனா: தெரியும் அண்ணி. அதனாலதான் காசைச் சேனல்ல போடச் சொல்றேன்.

மோகனப்பிரியா: சரி, வாங்கு. மைக்கு கறுப்பே இருக்கட்டும், குழம்பு பட்டா தெரியாது. ஆனா ஒண்ணு. சேனல் என் பாடு, நீ வேலைக்குப் போற. மணி நாலே முக்கால் ஆச்சு. என் கண்ணு முன்னாடி அந்த ஆபீசுக்குப் போனைப் போடு.

ரக்ஷனா: போட வேணாம்.

மோகனப்பிரியா: இவ்வளவு சொல்லியும் வேணாமா?

ரக்ஷனா: காலையிலயே சரின்னு சொல்லிட்டேன் அண்ணி. உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல... திங்கக்கிழமையிலேருந்து போனைப் பிடிக்க நான் இருக்க மாட்டேன்ல? அதான் ஸ்டாண்டு கேட்டேன்.