பெங்களூருக்குப் போகும் லேத்

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்கால மாலை. தாராவி பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் நின்றிருந்தார்கள். இருவர் சட்டையிலும் லேத் பட்டறை எண்ணெய்க் கறை. அண்ணனைத் தம்பி காக்கா என்று கூப்பிட்டார்.

“ராக்கெட்டு மேல போனப்புறம் யாரால காக்கா ஏறிப் போயி ரிப்பேர் பாக்க முடியும்? அதான் நாம கடைஞ்சு குடுத்த சாமான் அம்புட்டையும் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“நம்ம வேலையில என்னலே குத்தம்?”

“அளவெல்லாம் சரிதானாம். பட்டறையில தண்ணி ஏறுன ஈரத்துல துரு பிடிச்சிருக்கு. ராக்கெட்டுக்கு அது ஆகாதுன்னுட்டாங்க.”

“அப்ப பழைய பம்பு வேலையே போதும்.”

“இல்ல காக்கா. ராக்கெட் ஆபீசு இருக்குத பெங்களூர்ல ஒரு ஷெட் பாத்திருக்கேன். முலாம் பூசுதவன் அடுத்த தெருவுல, சோதிச்சுப் பாக்குத இடம் பக்கத்துல. இன்னைக்கு ராக்கெட் சாமானை சர்க்கார் மட்டுந்தான் வாங்குது. நாளைக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரனும் சாட்டிலைட்டை ஏத்தணும்னு அங்கதான் வருவான். அப்ப நாம அங்கன இருக்கணும்.”

பஸ் வந்தது. அண்ணன் ஏறாமல் பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டார். நானும் ஏறவில்லை.

“மழைத்தண்ணி உள்ள வருமா?”

“ஷெட்டு மேட்டுல இருக்கு. வராது.”

“அப்ப பெரிய லேத்தை நீ கொண்டு போ. சின்னதை வச்சு நான் பம்பு வேலையப் பாத்துக்கிடுதேன்.”

தம்பி, “போர்டுல என்ன பேரு போட?” என்று கேட்டார்.

“நம்ம பட்டறை பேருதான். கீழ, ஹெட் ஆபீஸ் தாராவின்னு பெருசா எழுது.”